கையை விட்டுப் போன பந்து

2014 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த, சிறார்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடரில், பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மோனே டேவிஸ் என்ற 13 வயதுச் சிறுமி எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் பந்து வீசி வென்றார். அந்தத் தொடரின் வரலாற்றில் ஒரு பெண் அப்படி வென்றது அதுவே முதல் முறை. அவருடைய பந்தின் வேகம் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர். பெரியவர்கள் ஆடும் மேஜர் லீகில் 90 மைலைத் தாண்டாத வேகப்பந்துக்குப் பெரிய மதிப்பில்லை. அப்படியிருக்க, 70 மைல் பந்தை அந்தப் பையன்களால் ஏன் ஒழுங்காகத் தொட முடியவில்லை?

இந்தக் கேள்வியை ஏழாம் வகுப்பில் கேட்டுவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். நன்றாகச் சுழற்றியிருப்பார், பையன்கள் பயந்திருப்பார்கள் என்று பதில்கள் வரும். பிறகு ஏதாவது ஒரு பிள்ளை ஆடுகளத்தின் அளவைக் கேட்கும். பாடம் அங்கே தொடங்குகிறது. லிட்டில் லீகில் பந்து வீசுபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 46 அடி, அதாவது 14 மீட்டர். மேஜர் லீகில் 60 அடி 6 அங்குலம், 18.44 மீட்டர்; 1893 முதல் மாறாத அளவு அது. மணிக்கு 113 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 31.4 மீட்டர். 14 மீட்டரைக் கடக்க 0.45 விநாடி ஆகும். அதே 0.45 விநாடியில் 18.44 மீட்டரைக் கடக்க வேண்டுமானால் பந்து மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர், அதாவது 92 மைல் வேகத்தில் வர வேண்டும். மோனேயை எதிர்கொண்ட பையன்களுக்கு மேஜர் லீக் மட்டையாளருக்குக் கிடைக்கும் அளவு நேரம்தான் கிடைத்திருக்கிறது.

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. அந்தச் சூத்திரம் ஒரு மர்மத்தை அவிழ்ப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. அதோடு நிற்காமல் ஆட்சேபமும் வரும். வீசுபவர் மேட்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் காலை எட்டி வைத்துத்தானே பந்தை விடுகிறார்? அப்படியானால் தூரம் குறையாதா? காற்றில் வரும்போது பந்தின் வேகம் தணியாதா? இரண்டும் சரி. மேஜர் லீக் வேகப்பந்து பிளேட்டை அடைவதற்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழந்துவிடுகிறது. முதலில் எளிய கணக்கு, பிறகு அதில் விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்பதுதான் இயற்பியலாளர்கள் வேலை செய்யும் முறை. பன்னிரண்டு வயதில் அதை ஒருமுறை கையாண்டு பார்ப்பது பெரிய விஷயம்.

அமெரிக்காவில் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளை நடுநிலைப் பள்ளி என்பார்கள். அந்த வயதில் அறிவியலைப் பேஸ்பால் வழியாகச் சொல்லித்தரும் முயற்சிகள் அங்கே நெடுநாளாக உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அருங்காட்சியகம் இதற்கென்றே செய்முறைகளை உருவாக்கியிருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ரிக்கார்டோ வலேர்டி, அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியோடு சேர்ந்து பள்ளிகளுக்கான ஒரு திட்டத்தை நடத்தினார். 2013இல் வெளியான அறிவியல் கற்றல் தரநிலைகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. மோதிக்கொள்ளும் இரண்டு பொருள்களை வைத்து நியூட்டனின் மூன்றாம் விதியைப் பயன்படுத்துவது, நிறையும் வேகமும் மாறினால் இயக்க ஆற்றல் எப்படி மாறும் என்று வரைபடம் போடுவது ஆகியவை அவற்றில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படும் திறன்கள். மட்டையும் பந்தும் மோதுவதைவிட நல்ல உதாரணம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கடினம்.

ஆனால் விளையாட்டைப் பாடத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அறிவியல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. கணக்குத்தாளின் ஓரத்தில் மட்டைப் படம் போட்டு, ஒரு கார் என்று இருந்த இடத்தில் ஒரு பந்து என்று மாற்றி எழுதினால் பாடம் மாறிவிடாது. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பந்தோடு நாள் முழுக்கப் பழகுவதாலேயே ஒருவருக்கு இயக்கவியல் புரிந்துவிடுவதில்லை. மேலே எறியப்பட்ட பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மேல்நோக்கி ஒரு பெரிய அம்பைப் போட்டு, எறிந்த கையின் விசை என்று எழுதுவார்கள். அப்படி ஒரு விசை இல்லை. பந்து விரலை விட்ட கணமே கையின் விசை முடிந்துவிட்டது. பிறகு இருப்பது புவியீர்ப்பும் காற்றும் மட்டுமே. மேலே போவது நிலைமத்தால். 1982இல் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் மேலே சுண்டிய நாணயத்தை வைத்து இதே கேள்வியைப் பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். அவர்களில் மிகப் பெரும்பாலோரும் இப்படித்தான் வரைந்தார்கள்.

பந்துக்குள் கையின் விசை தங்கியிருக்கிறது என்ற எண்ணம் மனித மனத்தில் ஆழமாக ஊறியது. ஐரோப்பாவின் இடைக்கால அறிஞர்களே அதை ஒரு கோட்பாடாக வைத்திருந்தார்கள். பேஸ்பால் ஆடும் பிள்ளையிடம் அது இன்னும் உறுதியாக இருக்கும். ஏனென்றால் அந்த விசையைத் தன் தோளில் உணர்ந்திருக்கிறது. எனவே செய்முறை என்றால் பொருளைக் கையில் கொடுத்து விளையாடவிடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுத வைக்க வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தைத் தொடவிட வேண்டும். கணிப்பு எழுதாமல் செய்த சோதனையில் பிள்ளைகள் எதைக் கண்டாலும், நான் நினைத்தது இதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

செலவில்லாத ஒரு செய்முறையிலிருந்து தொடங்கலாம். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒரு பிள்ளை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். இன்னொரு பிள்ளை, கீழ்நுனியில் சுழியக் கோட்டுக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சற்று விலக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். முதல் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும், மற்றது பிடிக்கும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் ஆனது என்பது தெரிந்துவிடும். 10 சென்டிமீட்டர் விழ 0.14 விநாடி, 20 சென்டிமீட்டர் விழ 0.20 விநாடி, 30 சென்டிமீட்டர் என்றால் 0.25 விநாடி. பெரும்பாலான பிள்ளைகள் 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள் பிடிப்பார்கள். தூரம் இரண்டு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்காகவில்லையே என்று ஒருவராவது கவனித்தால் முடுக்கம் பற்றிய பாடத்துக்கு அதுவே வாசல்.

இப்போது இதை ஆடுகளத்துக்குக் கொண்டு போகலாம். மேஜர் லீக் வேகப்பந்து பிளேட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ 0.4 விநாடி. மட்டையைச் சுழற்றி முடிக்கவே 0.15 விநாடி வேண்டும். ஸ்கேலைப் பிடிக்கும் அளவுக்குச் சாதாரணமான ஒரு எதிர்வினைக்கே 0.2 விநாடி போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. அதற்குள் பந்து எந்த வகை, எங்கே வரும், அடிப்பதா விடுவதா என்று முடிவாக வேண்டும். பந்தைக் கடைசிவரை பார்த்து அடி என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். பாதி வழியிலேயே முடிவு எடுத்தாக வேண்டும் என்பதை ஸ்கேல் காட்டிவிடுகிறது. கண்ணிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து விரலுக்கும் செய்தி போய்வர நேரம் ஆகும் என்ற உயிரியல் பாடமும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

அடுத்தது வளைபந்து. பேஸ்பாலின் பழைய விவாதங்களில் இது ஒன்று. பந்து உண்மையிலேயே வளைகிறதா, கண்ணை ஏமாற்றுகிறதா என்று 1941இல் லைஃப் இதழ்கூடக் கேள்வி எழுப்பியது. அதற்கு அளந்து பதில் சொன்னவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லைமன் பிரிக்ஸ். அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய நிலையத்துக்கு இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டியபின் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். காற்றுச் சுரங்கத்தில் பந்தைச் சுழலவிட்டும், வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் வீச்சாளர்களைப் பந்து வீச வைத்தும் அளந்து 1959இல் முடிவுகளை வெளியிட்டார். சுழலும் பந்து பிளேட்டுக்கு வருவதற்குள் 17.5 அங்குலம், ஏறத்தாழ 44 சென்டிமீட்டர்வரை விலகக்கூடும் என்று கண்டார்.

பள்ளியில் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. இரண்டு காகிதக் கோப்பைகளை அடியோடு அடி சேர்த்துச் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். மூன்று நான்கு ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரு நீளமான பட்டையாக்குங்கள். கோப்பைகள் சேரும் இடுப்பில் அதை இறுக்கிச் சுற்றி, மீந்த நுனி கோப்பையின் கீழ்ப்பக்கமாக முன்னால் வரும்படி பிடித்து, கவண் போல இழுத்து விடுங்கள். கோப்பை பின்சுழற்சியோடு கிளம்பும். விழாமல் மேலே எழும்பி, சில நேரம் ஒரு வட்டமே அடித்துவிட்டு இறங்கும். நுனி மேல்பக்கமாக வரும்படி சுற்றினால் முன்சுழற்சி. கோப்பை சட்டென்று தரையை நோக்கிக் குத்தும். முதல் முறை எழும்பும்போது வகுப்பில் எழும் கூச்சலை ஆசிரியர் அடக்காமல் இருப்பது நல்லது.

ஏன் எழும்புகிறது? வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்ற ஒற்றை வரியைப் பல புத்தகங்கள் இங்கே கொண்டுவந்து வைக்கின்றன. அந்த வரி பிள்ளைகளுக்கு எதையும் விளக்குவதில்லை என்பது என் கருத்து. காற்று ஏன் அங்கே வேகமாகப் போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி போதும். சுழலும் பரப்பு தன்னோடு ஒட்டிய காற்றையும் கொஞ்சம் இழுத்துப் போகிறது. பின்சுழற்சியில் மேல்பரப்பு பின்னோக்கி ஓடுவதால் காற்று பந்தின் மேல்பக்கத்தை நெடுநேரம் ஒட்டி வந்து, பின்புறத்தில் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ள வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் குஸ்டாவ் மாக்னஸ் 1850களின் தொடக்கத்தில் ஆராய்ந்ததால் இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். நம் ஊர் கிரிக்கெட் ரசிகருக்கும் இது புதிதல்ல. சுழற்பந்து தரையில் படுவதற்கு முன்பே காற்றில் பக்கவாட்டில் நகர்கிறதே, அதுவும் இதுதான். பேஸ்பாலின் 108 இரட்டைத் தையல்கள் காற்றைப் பிடித்து இழுக்க உதவுகின்றன. வழுவழுப்பான பந்து சில வேகங்களில் எதிர்ப்பக்கமே வளைவதும் உண்டு.

இதே செய்முறை இன்னொரு நம்பிக்கையையும் சோதிக்கிறது. நல்ல வேகப்பந்து பிளேட்டுக்கு அருகே எழும்பும் என்று மட்டையாளர்கள் சத்தியம் செய்வார்கள். கணக்குப் போடலாம். சுழற்சியே இல்லாவிட்டால் 0.4 விநாடியில் பந்து 78 சென்டிமீட்டர் இறங்கும். பின்சுழற்சி அதில் 40 சென்டிமீட்டர் அளவுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும். பந்து அப்போதும் இறங்கத்தான் செய்கிறது. மட்டையாளர் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான். எழும்புவதாகத் தெரிவது எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி. எடை குறைவான கோப்பை மட்டும் ஏன் நிஜமாகவே எழும்புகிறது என்று கேட்டுவிட்டால் வகுப்பு எடைக்கும் மாக்னஸ் விசைக்கும் இடையிலான ஒப்பீட்டுக்குத் தானே வந்து சேரும்.

மோதலுக்கு வருவோம். மட்டை பந்தைத் தொடும் நேரம் ஆயிரத்தில் ஒரு விநாடியைவிடக் குறைவு. 145 கிராம் பந்து விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்து, 45 மீட்டர் வேகத்தில் திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக மாற்றம் விநாடிக்கு 85 மீட்டர். அந்த உந்த மாற்றத்தை 0.0007 விநாடியில் முடிக்கத் தேவையான சராசரி விசை, ஒன்றரை டன் எடைக்கும் மேல். பந்து அந்தக் கணத்தில் சப்பையாக நசுங்குகிறது. மறுபடி உருண்டையாக நிமிரும்போது, நசுக்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. எவ்வளவு தருகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். சிமெண்டுத் தரையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டு, எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று சுவரில் ஒட்டிய அளவுநாடாவில் பார்த்தால் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வரும். பத்தில் மூன்று பங்கு ஆற்றல்தான் திரும்பி வந்திருக்கிறது. மீதி வெப்பமாகவும் கொஞ்சம் ஒலியாகவும் போய்விட்டது.

இங்கே ஒரு கணிப்பு எழுத வைக்க வேண்டும். ஒரு பந்தை இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைத்திருந்தால் அதிகம் துள்ளுமா, குறைவாகத் துள்ளுமா? குளிர்ந்தால் கெட்டியாகும், கெட்டியானது நன்றாகத் துள்ளும் என்று பலர் எழுதுவார்கள். மறுநாள் பந்து மந்தமாக எழும்பும்போது அந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று தேட வேண்டியிருக்கும். தேட ஒரே வழி பந்தை அறுத்துப் பார்ப்பது. பழைய பந்து ஒன்றை ஆசிரியர் தையல் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டு எட்டு வடிவத் தோல் துண்டுகள் கழன்று வரும். உள்ளே கம்பளி நூல். மேஜர் லீக் பந்தில் அது 300 மீட்டருக்கும் மேல் நீளும். பிள்ளைகள் அதைப் பிரித்துக்கொண்டே பள்ளி வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்புவார்கள். நூலுக்கு நடுவே ரப்பர் போர்த்திய தக்கை. குளிரில் மீள்தன்மையை இழப்பது அந்த ரப்பரும் நூலும்தான் என்பது கையில் பிடித்துப் பார்த்தால் புரியும்.

கொலராடோவின் டென்வர் நகரம் இதே பாடத்தைப் பெரிய அளவில் படித்தது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் 1995இல் திறக்கப்பட்ட கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுத்தடை குறைந்து பந்துகள் எல்லை தாண்டிப் பறந்தன. வளைபந்துகள் வளைய மறுத்தன. காற்றை மாற்ற முடியாது. பந்தை மாற்றலாம் அல்லவா? வறண்ட மலைக்காற்றில் பந்து ஈரம் இழந்து இலேசாகி, துள்ளலும் கூடிவிடுகிறது. எனவே 2002இல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஓர் அறைக்குள் பந்துகளை வைக்கத் தொடங்கினார்கள். எல்லை தாண்டும் ஹோம் ரன்கள் குறைந்தன. 2022 முதல் மேஜர் லீகின் 30 மைதானங்களிலும் அத்தகைய அறை உண்டு. மூடி போட்ட டப்பா, ஈரத் துணி, எடைத் தராசு இருந்தால் எட்டாம் வகுப்பும் இரண்டு வாரத்தில் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

மட்டையிலும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மட்டையின் உட்பகுதியைக் குடைந்து தக்கையை நிரப்பினால் பந்து அதிக தூரம் போகும் என்று வீரர்கள் நம்பினார்கள். 2003 ஜூனில் சிகாகோ கப்ஸ் அணியின் சாமி சோசாவின் மட்டை ஆட்டத்தின் நடுவே உடைந்தது. உள்ளே தக்கை இருந்தது. அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேத்தனும் அவரோடு சேர்ந்தவர்களும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். தக்கை பந்தைக் கூடுதலாக எகிறச் செய்யவில்லை. மட்டை இலேசானதால் வேகமாகச் சுழற்றலாம். ஆனால் நிறை குறைந்ததால் மோதலில் அதன் பலனும் குறைந்துவிடுகிறது. மொத்தத்தில் தூரத்துக்கு இலாபம் இல்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடாமல், இரண்டு அணியாகப் பிரித்து வாதிடச் சொன்னால் நிறையா வேகமா என்ற கேள்வியின் இரண்டு பக்கமும் வெளியே வரும்.

மட்டையின் இனிய புள்ளி எங்கே இருக்கிறது என்பதற்குத் தராசுகூட வேண்டாம். மர மட்டையின் கைப்பிடியை இரண்டு விரலால் இலேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழ்நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஒரு ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டு வர வேண்டும். விரலில் அதிர்வு கூசும். நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும்போது கூச்சம் அடங்கி, ஓசையும் மாறும். அது அதிர்வின் கணு. அங்கே பட்ட பந்துக்கு, மட்டையை அதிரவைப்பதில் ஆற்றல் வீணாவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையை விளையாட்டில் ஆர்வமே இல்லாத பிள்ளைகள்கூட விரும்பிச் செய்வார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் எல்லோருக்கும் பேஸ்பால் பிடிக்காது. அண்மையில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு விதிகளே தெரியாது. அணியில் இருக்கும் பையன்களே பேசி, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் அபாயம் நிஜமானது. விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் செய்ய முடியும் என்ற நிலையில் எந்தச் செய்முறையும் இருக்கக் கூடாது. மேலே சொன்ன ஸ்கேலும் கோப்பையும் துள்ளும் பந்தும் அப்படிப்பட்டவை. வகுப்பறைக்குள் எறிய வேண்டியிருந்தால் ஒரு பாதியில் மட்டும் துளைகள் கொண்ட விஃபிள் பந்து இருக்கிறது. 1953இல் கனெக்டிகட்டில் உருவான இந்தப் பிளாஸ்டிக் பந்து யாரையும் காயப்படுத்தாது, யார் வீசினாலும் வளையும். நிஜப் பந்தைத் திரும்பத் திரும்ப வீச வைக்கவே கூடாது. வளரும் வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் கெட்டிப்படவில்லை. அதனால்தான் 2007இல் லிட்டில் லீக் வீச்சுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. 11, 12 வயதினருக்கு ஒரு நாளைக்கு 85.

எண்களில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு வேறு வாசல் உண்டு. 1941 செப்டம்பர் 28 காலையில் பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் 448 முயற்சிகளில் 179 முறை வெற்றிகரமாக அடித்திருந்தார். வகுத்தால் 0.39955. மூன்று தசமத்துக்கு முழுமையாக்கினால் 0.400, கனவு எண். கடைசி நாள் ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் அது அவருக்கு உறுதி. அவர் இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, 8இல் 6 அடித்து, 0.406 என்று முடித்தார். முழுமையாக்குதல் என்ற பாடத்துக்கு இதைவிட உயிருள்ள கணக்கு எனக்குத் தெரியாது. அதற்குப் பின் மேஜர் லீகில் யாரும் 0.400ஐத் தொட்டதில்லை என்றே பல ஆண்டுகள் புத்தகங்கள் சொல்லிவந்தன. கறுப்பின வீரர்கள் தனியாக ஆட நேர்ந்த நீக்ரோ லீகுகளின் கணக்கு 2024இல் சேர்க்கப்பட்டபோது, ஜாஷ் கிப்ஸன் 1943இல் எடுத்த 0.466 முதலிடத்துக்கு வந்தது. தரவு என்றால் யாரை எண்ணினோம், யாரை விட்டுவிட்டோம் என்பதும் சேர்ந்ததுதான் என்பதைப் பதின்மூன்று வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

ஆய்வாளர்களே இன்னும் விவாதிக்கும் கேள்விகளும் இந்த ஆட்டத்தில் இருக்கின்றன. உயரப் பறக்கும் பந்து எங்கே விழும் என்று வெளிக்களத்தில் நிற்பவர் எப்படி அறிந்து ஓடுகிறார்? பந்து ஏறும் கோணத்தின் டேன்ஜென்ட் ஒரே சீராகக் கூடும்படி ஓடினால் பந்து கையில் வந்து விழும் என்று 1968இல் செவில் சாப்மன் காட்டினார். பந்து கண்ணுக்கு ஒரு நேர்கோட்டில் போவதுபோலத் தெரியும்படி ஓடுகிறார்கள் என்று 1995இல் வேறொரு குழு சயன்ஸ் இதழில் எழுதியது. அவர்களில் சிலர் பிறகு நாய்களின் தலையில் காமிரா கட்டி, ஃபிரிஸ்பி பிடிக்கவிட்டுப் பார்த்தார்கள். நாய்களும் அப்படித்தான் ஓடின. ஓடும் பிள்ளையின் தொப்பியில் கைபேசியைக் கட்டினால் வகுப்பும் இந்த விவாதத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு திட்டப்பணியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சேற்றைச் சொல்வேன். மேஜர் லீகில் புதுப் பந்து வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்திலும் சேறு தேய்க்கிறார்கள். 1938இல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் டெலவேர் ஆற்றின் நியூ ஜெர்சிக் கிளை ஒன்றில் கண்டெடுத்த சேறு அது; இன்றும் அந்தப் பகுதியிலிருந்தே வருகிறது. அது உண்மையில் உதவுகிறதா என்பதை பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2024இல் வெளியிட்டார்கள். உதவுகிறது. நுண்ணிய களிமண் எளிதாகப் பரவித் தோலின் துளைகளை நிரப்புகிறது. இடையிடையே ஒட்டிக்கொள்ளும் மணல் துகள்கள் பிடிமானம் தருகின்றன. எண்பது ஆண்டுகளுக்கு மேல் கைகள் அறிந்திருந்ததை ஒரு சோதனைக்கூடம் எண்ணாக்கியது. பள்ளிக்குத் தேவை ஒரு பலகை, ஒரு கோணமானி, பழைய பந்தின் தோல் துண்டுகள், பள்ளியைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் எடுத்த மண். ஒரு துண்டில் எதுவும் தேய்க்காமல் விட்டு, மற்றவற்றில் ஒவ்வொரு மண்ணாகத் தேய்த்துக் காயவைத்து, ஒரே எடையை வைத்து, பலகையை மெல்ல உயர்த்த வேண்டும். எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் நழுவும் என்ற கணிப்பு, பலகையைத் தொடுவதற்கு முன்பே நோட்டுப்புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.